மதிக்கப்படும் கடிகாரங்கள், பரவாத பெயர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கைக்கடிகாரங்களில் ஆர்வம் உள்ளவர்களின் பேச்சில் வஷெரோன் கான்ஸ்டான்டின், ஜேகர்-லெகூல்ட்ர், ப்ரெகே, ஏ. லாங்கே உண்ட் ஸோனே போன்ற பெயர்கள் மிகுந்த மரியாதையோடு அடிபடுகின்றன. அந்த வட்டத்தைத் தாண்டி வந்தால் ரோலெக்ஸ், ஒமேகா போன்ற சில பெயர்களைத் தவிர வேறு எதையும் யாரும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. தரத்தில் இவை குறைந்தவை அல்ல என்றால் பெயர் மட்டும் ஏன் பரவவில்லை, ஐயா?

பதில்: ஒரு கைக்கடிகாரம் இரண்டு தூரங்களில் பார்க்கப்படுகிறது. எதிரில் அமர்ந்திருப்பவர் நம் மணிக்கட்டைப் பார்க்கும் தூரம் ஒன்று. நாமே அதைக் கழற்றிக் கண்ணருகே பிடித்து, முடிந்தால் ஒரு லென்ஸையும் வைத்துப் பார்க்கும் தூரம் மற்றொன்று. பொதுமக்களிடையே பரவும் புகழ் முதல் தூரத்தில் உருவாகிறது. விவரம் அறிந்தவர்களின் மதிப்பு இரண்டாவது தூரத்தில் உருவாகிறது. தாங்கள் குறிப்பிட்ட நிறுவனங்கள் தங்கள் உழைப்பின் பெரும்பகுதியை இரண்டாவது தூரத்துக்காகவே செலவிட்டு வந்திருக்கின்றன.

ரோலெக்ஸின் பல மாதிரிகளில் தேதிக்கு மேலே பதிக்கப்பட்ட சிறிய உருப்பெருக்கி, வரிவரியாக வெட்டப்பட்ட விளிம்பு வளையம், பன்னிரண்டு மணி இடத்தில் கிரீடச் சின்னம் ஆகியவை சேர்ந்து, அறையின் மறுகோடியிலிருந்தே அது இன்ன கடிகாரம் என்று சொல்லிவிடுகின்றன. இந்தத் தோற்றம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை என்பதால், ஒருவர் கையில் இருக்கும் பழைய கடிகாரமும் கடையில் இருக்கும் புதிய கடிகாரமும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. வஷெரோன் கான்ஸ்டான்டினின் மெல்லிய தங்கக் கடிகாரம் ஒன்றை அதே தூரத்திலிருந்து பார்த்தால், வெளிர்நிற முகப்பும் இரண்டு முட்களும் கொண்ட ஒரு வட்டக் கடிகாரமாக மட்டுமே அது தெரியும். அதன் சிறப்பெல்லாம் பின்பக்கக் கண்ணாடியின் வழியே தெரியும் இயந்திரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு உலோகத் தகட்டின் விளிம்பும் சரிவாகச் சீவப்பட்டுக் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கும். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலைகளில் சுழலும் கருவி நுழைய முடியாததால், அந்தக் கூர்மையான கோட்டை ஒரு கைவினைஞர் அரத்தால் தேய்த்தே கொண்டுவர வேண்டும். அந்த உழைப்பை அறியாதவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

ரோலெக்ஸ் வெறும் விளம்பரத்தால் வளர்ந்த பெயர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உறுதியிலும் நேரத் துல்லியத்திலும் அதன் கடிகாரங்கள் உண்மையிலேயே சிறந்தவை. ஆனால் அதை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், தரத்தை ஊரறியச் செய்வதும் தம் தொழிலின் ஒரு பகுதியே என்பதைத் தம் காலத்துக் கடிகாரத் தயாரிப்பாளர்கள் பலருக்கு முன்பே புரிந்துகொண்டார். எந்த மொழியினரும் எளிதில் உச்சரிக்கக்கூடிய, முகப்பில் அடக்கமாகப் பொருந்தக்கூடிய ஒரு சிறிய பெயர் வேண்டும் என்று தேடி, 1908-இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். 1926-இல் நீர் புகாத ஆய்ஸ்டர் உறை வந்தது. அடுத்த ஆண்டு மெர்சிடஸ் க்ளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அவருடன் ஓர் ஆய்ஸ்டரை அனுப்பினார். அந்த முறை அவரால் கால்வாயை முழுவதும் கடக்க முடியாவிட்டாலும், குளிர்ந்த கடல்நீரில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கிடந்த கடிகாரம் நிற்காமல் ஓடியது. அந்தச் செய்தியை லண்டன் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரமாகவே வெளியிட்டார் வில்ஸ்டார்ஃப். நீரில் மூழ்கியும் ஓடிய கடிகாரம் என்ற செய்தியைப் புரிந்துகொள்ள யாருக்கும் தொழிலறிவு தேவையில்லை.

இதனோடு ஒப்பிட வஷெரோனின் சாதனை ஒன்றைச் சொல்கிறேன். 1755 முதல் இடைவெளியின்றி இயங்கிவரும் அந்த ஜெனீவா நிறுவனம், 2015-இல், நேரம் காட்டுவதற்கு மேல் 57 கூடுதல் செயல்பாடுகள் அடங்கிய ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை உருவாக்கிக் காட்டியது. மூன்று கைவினைஞர்களுக்கு அதற்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. கடிகாரக் கலையில் அது ஒரு சிகரம். ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யப்பட்ட ஒற்றைக் கடிகாரம் அது. அதன் அருமையை உணர, ஒரு நாள்காட்டிச் செயல்பாட்டை இயந்திரத்துக்குள் அடக்குவது எவ்வளவு கடினம் என்பதாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: புகழ்பெற்ற வேறு பல நிறுவனங்களுக்கு ஜேகர்-லெகூல்ட்ர் தான் இயந்திரம் செய்து கொடுத்தது என்று படித்தேன். பிறருக்கே இயந்திரம் கொடுத்த நிறுவனம் அவர்களைவிடப் பெயர் பெற்றிருக்க வேண்டாமா?

பதில்: நியாயப்படி பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற தேரைப் பார்ப்பவர்கள் அச்சாணியைப் பார்ப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் ஷூ பள்ளத்தாக்கில் உள்ள லெ சாண்டியே என்ற சிற்றூரில், 1833-இல் அந்துவான் லெகூல்ட்ர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது இந்த நிறுவனம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகை இயந்திரங்களைத் தம் கூரையின் கீழேயே வடிவமைத்திருக்கிறார்கள். 1929-இல் அவர்கள் உருவாக்கிய 101 என்ற இயந்திரம் ஏறக்குறைய ஒரு கிராம் எடைதான் இருக்கும். இன்றும் உலகின் மிகச் சிறிய சாவி கொடுக்கும் இயந்திரங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953-இல் முடிசூடியபோது அவர் மணிக்கட்டில் இருந்தது அந்த இயந்திரம் கொண்ட கடிகாரமே.

தாங்கள் படித்த செய்தியின் மையம் 1967-இல் வந்த 920 என்ற இயந்திரம். தானே சாவி ஏறும் இயந்திரங்களில் அதன் மெல்லிய உடல் அக்காலத்தில் ஒரு வியப்பு. 1972-இல் ஓடமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக், 1976-இல் படேக் ஃபிலிப் வெளியிட்ட நாட்டிலஸ், 1977-இல் வஷெரோன் வெளியிட்ட 222 ஆகிய மூன்றுக்குள்ளும் ஓடியது இதன் வழிவந்த இயந்திரமே. இன்று ஏலங்களில் பெருந்தொகைக்குப் போகும் அந்த மூன்று கடிகாரங்களையும் இயக்கிய இயந்திரத்தை ஜேகர்-லெகூல்ட்ர் தன் பெயர் பொறித்த கடிகாரம் எதிலும் வைத்து விற்கவில்லை. தொழில் உலகம் அந்த நிறுவனத்தைத் தலைவணங்கி மதிப்பதற்கும் பொதுமக்களுக்கு அதன் பெயரே தெரியாமல் போனதற்கும் காரணம் இந்த ஒரே செயல்தான்.

ஆனால் பிறருக்குக் கொடுத்ததால் மட்டுமே பெயர் மங்கியது என்று சொல்லிவிட்டால் அது முழு உண்மையாகாது. அவர்களுக்கென்று ஓர் அருமையான அடையாளம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடிய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி பந்து பட்டு உடைந்ததால், முகப்பை உட்பக்கமாகத் திருப்பி மறைத்துக்கொள்ளும் வகையில் 1931-இல் உருவாக்கப்பட்ட ரிவர்ஸோதான் அது. செவ்வக வடிவம், மேலும் கீழும் மும்மூன்று கோடுகள், ஒரு தள்ளலில் புரளும் உடல் ஆகியவை தூரத்திலிருந்தும் அடையாளம் காணத்தக்கவை. ஆனால் செவ்வகக் கடிகாரத்தை விரும்புவோர் எப்போதும் சிலரே. வட்டக் கடிகாரம் தேடும் பெரும்பாலோருக்கு அந்த நிறுவனம் ஒவ்வொரு காலத்திலும் வேறுவேறு வரிசைகளைக் காட்டியிருக்கிறது. ஒன்று மக்கள் மனத்தில் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பல கலைகளில் வல்லவராக இருப்பவரை ஊர் எந்தப் பெயரிட்டு அழைப்பது என்று தடுமாறுகிறது. என் மதிப்பீட்டில் ஜேகர்-லெகூல்ட்ரின் முதன்மையான குறை இதுவே. அதற்கு அவர்களே பொறுப்பு.

ஸெனித் நிறுவனத்தின் கதையும் இதை ஒத்தது. 1969-இல் வெளிவந்த அதன் எல் ப்ரிமெரோ இயந்திரம் மணிக்கு 36,000 முறை துடிப்பதால் வினாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் திறன் பெற்றது. 1975-இல் அப்போதைய அமெரிக்க உரிமையாளர்கள் அந்த வகை இயந்திரத் தயாரிப்பை நிறுத்தச் சொன்னபோது, ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் பரணில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பின்னர் 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸின் டேட்டோனா கடிகாரங்களுக்குள் பல மாற்றங்களுடன் ஓடியது அந்த எல் ப்ரிமெரோதான். டேட்டோனாவின் பெயர் உலகெங்கும் பரவியது. வெர்மோவின் தன்னலமற்ற துணிவைக் கடிகார அன்பர்கள் இன்றும் நெகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே அது போய்ச் சேரவில்லை.

கேள்வி: எல்லாம் விளம்பரச் செலவுதான் என்கிறார் என் நண்பர். அது சரியா?

பதில்: பாதி சரி. இந்த நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன; விளையாட்டுப் போட்டிகளுக்கும் திரைப்பட விழாக்களுக்கும் ஆதரவு அளிக்கின்றன. வேறுபாடு செலவைவிடத் தொடர்ச்சியில்தான் அதிகம் இருக்கிறது.

ப்ளாங்பான் இதற்குச் சரியான உதாரணம். 1735-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் குறிப்பிடும் பழமையான பெயர் அது. பிரெஞ்சுக் கடற்படையின் போர் முக்குளிப்பாளர்களின் தேவையை ஒட்டி அது 1953-இல் கொண்டுவந்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ், இன்றைய முக்குளிப்புக் கடிகாரங்களின் முன்னோடிகளில் ஒன்று. இருளிலும் ஒளிரும் எண்கள், முக்குளித்த நேரத்தைக் கணக்கிடும் சுழல் வளையம் என்று அந்த வகைக்குரிய கூறுகளெல்லாம் அதில் அப்போதே இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் ரோலெக்ஸின் சப்மரைனரும் வந்தது. இரண்டும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டன என்று சொல்வதில் தவறில்லை. சப்மரைனர் அன்று முதல் இன்று வரை விடுபடாமல் வந்துகொண்டே இருக்கிறது. ப்ளாங்பானோ, மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் வரவால் சுவிஸ் தொழிலே நிலைகுலைந்த எழுபதுகளில் செயலற்றுப் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜான்-குளோட் பிவேரும் ஜாக் பிகேயும் அந்தப் பெயரை வாங்கி உயிர்கொடுத்தபோது, அவர்கள் முதலில் முன்னிறுத்தியது சந்திரப் பிறை காட்டும் நேர்த்தியான தங்கக் கடிகாரங்களை. ஃபிஃப்டி ஃபாதம்ஸ் முழுமையான வரிசையாக மீண்டும் நிலைபெற்றது 2007-ஆம் ஆண்டு வாக்கில்தான். இடைப்பட்ட காலத்தில் முக்குளிப்புக் கடிகாரம் என்றால் எப்படி இருக்கும் என்பதை ஒரு தலைமுறைக்கு மேல் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சப்மரைனர். அந்த இடைவெளியை இன்று எவ்வளவு பணம் செலவழித்தாலும் நிரப்புவது அரிது.

உரிமையும் இதில் சேர்கிறது. வில்ஸ்டார்ஃப் 1960-இல் மறைந்த பிறகு ரோலெக்ஸ் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. பங்குச்சந்தைக்குக் காலாண்டுதோறும் கணக்குக் காட்டும் கட்டாயம் அதற்கு இல்லை. வஷெரோன், ஜேகர்-லெகூல்ட்ர், லாங்கே ஆகியவை ரிஷ்மோன் குழுமத்தையும், ப்ரெகே, ப்ளாங்பான் ஆகியவை ஸ்வாட்ச் குழுமத்தையும் சேர்ந்தவை. ஒரு குழுமத்துக்குள் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று மிதமிஞ்சி நுழைவதைக் குழுமம் விரும்புவதில்லை. தலைமை மாறும்போது நிறுவனத்தின் போக்கும் மாறுகிறது. முப்பது ஆண்டுகள் ஒரே செய்தியைச் சலிப்பின்றிச் சொல்வதற்கு வேண்டிய பொறுமை இத்தகைய அமைப்பில் எளிதாகக் கிடைப்பதில்லை.

கேள்வி: ஜெர்மானிய நிறுவனமான ஏ. லாங்கே உண்ட் ஸோனே சுவிஸ் நிறுவனங்களுக்கு நிகரானது என்கிறார்கள். அதன் பெயர் அறியப்படாததற்குக் காரணம் அது சுவிட்சர்லாந்தைச் சேராததா?

பதில்: நாட்டின் பெயர் ஓரளவு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் வரலாறு. சாக்சனியில் உள்ள க்ளாஷூட்டே என்ற ஊரில் 1845-இல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே இந்தத் தொழிலைத் தொடங்கி, வறுமையில் இருந்த அவ்வட்டாரத்து இளைஞர்களுக்குக் கடிகாரக் கலையைக் கற்றுக்கொடுத்தார். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 மே 8-ஆம் நாளன்றே அதன் முதன்மைக் கட்டடம் குண்டுவீச்சில் சேதமடைந்தது. 1948-இல் கிழக்கு ஜெர்மனி உருவாகிக்கொண்டிருந்த சூழலில் நிறுவனம் அரசுடைமையாக்கப்பட்டது. சிறிது காலத்துக்குள் லாங்கே என்ற பெயரே முகப்புகளிலிருந்து மறைந்தது. நிறுவனரின் கொள்ளுப்பேரர் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990 டிசம்பர் 7 அன்று, குந்தர் ப்ளூம்லைன் என்பவரின் துணையோடு அவர் அதே ஊரில் நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தார். 1994 அக்டோபர் 24 அன்று முதல் நான்கு கடிகாரங்கள் வெளியாயின.

கைக்கடிகாரம் உலகெங்கும் ஒரு பொதுப் பழக்கமாகி, எந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் உறுதிப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அந்தப் பெயருக்கு இல்லாமலேயே போய்விட்டன. பிற கடிகாரங்களுக்குப் புகழ் தேடித்தந்த நிலவுப் பயணமோ இமயச் சிகரமோ திரை நாயகனோ அந்த நிறுவனத்தின் கதையில் வருவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

மீண்டு வந்தபோது அது தேர்ந்தெடுத்த வழியும் பரவலுக்கு உதவுவதாக இல்லை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. லாங்கேயின் ஒவ்வொரு இயந்திரமும் ஒருமுறை முழுமையாகப் பூட்டி ஓட்டிச் சரிபார்க்கப்பட்டு, பிறகு திருகுதிருகாகப் பிரிக்கப்பட்டு, மெருகேற்றப்பட்டு, மறுபடியும் பூட்டப்படுகிறது. இருபுறமும் ஊசலாடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சிறு தகட்டில் பூவேலைப்பாட்டைக் கையால் செதுக்குகிறார்கள். செதுக்கியவர் யார் என்பதை அந்தக் கோடுகளின் போக்கிலிருந்தே உள்ளே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இயந்திரத் தகடுகளை முலாம் பூசாத ஜெர்மன் வெள்ளி என்ற உலோகக் கலவையில் செய்கிறார்கள். விரல் பட்டாலே கறை பிடிக்கும் அந்தக் கலவையைக் கையாள்வதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். இப்படிச் செய்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் கடிகாரங்களுக்கு மேல் செய்ய இயலாது. அவையும் பெரும்பாலும் தங்கத்திலும் பிளாட்டினத்திலுமே வந்தன; வழக்கமான வரிசையில் ஓர் எஃகுக் கடிகாரம் வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோலெக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்வதாகத் தொழில் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்த எண்ணிக்கைகளுக்கு இடையே, ஒரு சாதாரண மனிதர் தம் வாழ்நாளில் லாங்கே ஒன்றை நேரில் காணாமலேயே இருந்துவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. காணாத ஒன்று எப்படிப் பிரபலமாகும்?

கேள்வி: கிராண்ட் செய்கோ கடிகாரங்களின் துல்லியத்தைப் பலரும் புகழ்கிறார்கள். ஆனாலும் "செய்கோவுக்கா இவ்வளவு விலை?" என்ற கேள்வி ஓயவில்லை. தங்கள் கருத்து என்ன?

பதில்: மற்ற நிறுவனங்களுக்குப் பெயர் தெரியாததுதான் சிக்கல். கிராண்ட் செய்கோவுக்குப் பெயர் நன்றாகத் தெரிந்திருந்ததே சிக்கலாக அமைந்தது. எளிய விலையில் நம்பகமான கடிகாரங்களைக் கோடிக்கணக்கானோருக்கு அளித்த நற்பெயர் செய்கோவுடையது. 1960-இல் தொடங்கிய கிராண்ட் செய்கோவின் முகப்பில், 2017 வரை பெரும்பாலும் அந்தத் தாய் நிறுவனத்தின் பெயரே பன்னிரண்டு மணி இடத்தில் முதன்மையாக நின்றது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்; உள்ளே இருக்கும் வேலைப்பாட்டை அவர் அறியும் முன்பே விலை பற்றிய முடிவுக்கு வந்துவிடுவார். 2017-இல் தனிப் பெயராகப் பிரித்தது சரியான முடிவு. இன்னும் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டிய முடிவு என்பது என் கருத்து.

உள்ளே இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் டிரைவ் என்ற அவர்களின் இயந்திரத்தில், சாவி கொடுத்த சுருள்வில்லின் விசையே முட்களை நகர்த்துகிறது. அந்த விசையிலிருந்து கிடைக்கும் மிகச் சிறு மின்சாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை இயக்கி, ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மின்கலம் கிடையாது. நாளொன்றுக்கு ஒரு வினாடிக்குள் அடங்கும் துல்லியம் அதற்கு உண்டு; வினாடி முள் விட்டுவிட்டு நகராமல் நீரோட்டம்போல் வழுக்கிச் செல்லும். இதற்கான எண்ணம் எழுபதுகளின் இறுதியில் ஒரு பொறியாளர் மனத்தில் தோன்றி, கடிகாரமாக வெளிவர 1999 ஆனது. அவர்களின் 9எஃப் வரிசைக் குவார்ட்ஸ் இயந்திரமோ ஆண்டுக்குப் பத்து வினாடிகளுக்கு மேல் பிசகுவதில்லை. சாவி கொடுக்கும் ஆடம்பரக் கடிகாரங்கள் பலவும் நாளொன்றுக்குச் சில வினாடிகள் பிசகுவதே இயல்பு என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

அப்படியிருந்தும், ஆடம்பரப் பொருளைப் பொறுத்தவரை வாங்குவோர் பலர் துல்லியத்துக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. அணிந்திருப்பதன் பொருளைப் பிறரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பை நான் இகழமாட்டேன். ஆனால் அதை ஒரு கடிகாரத்தின் தரத்தை அளக்கும் கோலாகக் கொள்வது பிழை.

கேள்வி: மறுவிற்பனையில் இந்தக் கடிகாரங்களின் விலை வெகுவாக இறங்கிவிடுகிறது. தரம் இருந்தால் விலை நிற்க வேண்டாமா?

பதில்: மறுவிற்பனை விலை காட்டுவது, இன்று அந்தக் கடிகாரத்தைத் தேடுவோர் எத்தனை பேர், கிடைப்பவை எத்தனை என்பதை மட்டுமே. ஒரு மாதிரியைக் கேட்போர் பலராகவும் கடைகளில் கிடைப்பவை குறைவாகவும் இருந்தால், பயன்படுத்திய கடிகாரம் புதியதைவிட அதிக விலைக்குப் போகும். ரோலெக்ஸின் சில எஃகு மாதிரிகளில் நடப்பது இதுதான். தங்கத்தில் செய்த மெல்லிய கடிகாரத்தை நாடுவோர் சிலரே. அதனால் கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்குகிறது. அதனுள் இருக்கும் இயந்திரம் அந்த ஒரு நாளில் மாறிவிடவில்லை.

இதில் ஒரு சுழற்சி இருப்பதையும் காண வேண்டும். விலை நிற்கும் என்று தெரிந்தால் தயங்குபவர்களும் வாங்குவார்கள். வாங்குவோர் கூடினால் பெயர் பரவும். பெயர் பரவினால் விலை மேலும் நிற்கும். அதே சுழற்சி எதிர்த்திசையில் ஓடும்போது நல்ல கடிகாரங்களும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் தேவைக்கு மேல் செய்து குவித்து, விற்காதவற்றைத் தள்ளுபடியில் வெளியேற விட்டதும் இந்த இறக்கத்துக்கு ஒரு காரணம். அந்தத் தவறுக்கான விலையை அவர்களிடம் முழுத்தொகை கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்களே செலுத்துகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

முதலீடாக நினைத்து வாங்குபவர் இந்தக் கடிகாரங்களைத் தவிர்ப்பதே நல்லது. ஆண்டுக்கணக்கில் தாமே அணிந்து மகிழ எண்ணுபவருக்கு, பிறர் விலக்கியதால் இறங்கிய விலை ஒரு நல்வாய்ப்பாக அமைகிறது. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய ரிவர்ஸோ ஒன்றைத் தேடிப் பார்க்குமாறு நான் பலருக்கும் சொல்லி வருகிறேன்.

கேள்வி: இந்த நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று உண்மையாகவே பொதுமக்களிடம் பிரபலமானது உண்டா? ஆனால் என்ன ஆகும்?

பதில்: உண்டு. ஓடமார் பிகே ஒரு காலத்தில் அறிந்தவர்கள் மட்டுமே அறிந்த பெயராக இருந்தது. 1972-இல் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக் வந்தபோது, எண்கோண வளையமும் வெளியே தெரியும் எட்டுத் திருகுகளும் கொண்ட ஓர் எஃகுக் கடிகாரத்துக்குத் தங்கக் கடிகாரத்தின் விலையைக் கேட்கிறார்களே என்று பலர் திகைத்தார்கள். தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே எண்கோணம் உலகறிந்த அடையாளமானது. விளையாட்டு வீரர்களும் பாடகர்களும் அணியத் தொடங்கினர்.

அதன் பிறகு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. பலருக்கு அந்த நிறுவனமும் ராயல் ஓக்கும் ஒன்றாகிவிட்டன. 2019-இல் கோட் 11.59 என்ற வட்ட வடிவ வரிசையைப் புதிய இயந்திரங்களோடு வெளியிட்டபோது, ராயல் ஓக் அல்லாத ஒன்றை ஏற்க மனமில்லாத கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. படேக் ஃபிலிப்புக்கும் நாட்டிலஸால் இதே நெருக்கடி வந்தது. அதன் எஃகு 5711 மாதிரிக்குக் காத்திருப்போர் பெருகிக்கொண்டே போன நிலையில், ஒரே மாதிரி நிறுவனம் முழுவதையும் மூடிவிடக் கூடாது என்று கருதிய தலைவர் தியரி ஸ்டெர்ன் 2021-இல் அதை நிறுத்தும் முடிவை அறிவித்தார். மிகுதியாக விற்கும் பொருளைத் தாமே நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில், நிறுத்திய அறிவிப்பே அந்த மாதிரியின் வெளிச்சந்தை விலையை மேலும் ஏற்றிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே பிரபலமாகாத நிறுவனத்துக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. யூலிஸ் நார்டன் 2001-இல் ஃப்ரீக் என்ற கடிகாரத்தை வெளியிட்டபோது அதில் வழக்கமான முட்களோ சாவி திருகும் குமிழோ இல்லை; இயந்திரமே சுழன்று நேரத்தைக் காட்டியது; சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் எஸ்கேப்மென்ட் பகுதியில் முதன்முறையாகச் சிலிக்கான் பயன்படுத்தப்பட்டது. இன்று பல நிறுவனங்கள் சிலிக்கான் பாகங்களைப் பயன்படுத்துகின்றன. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே தோற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு நிறுவனம் அப்படியொரு கடிகாரத்தை வெளியிட எளிதில் துணிந்திருக்காது.

கேள்வி: அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் கடிகாரம் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முட்களின் விளிம்பு, எண் குறிகளின் பக்கவாட்டு மெருகு, பின்பக்கத் தகடுகளின் மூலைகள் ஆகிய மூன்றிலும் கண் தங்கட்டும்; மலிவான வேலை அங்கேதான் முதலில் தெரியும். அடுத்து, இயந்திரம் அந்த நிறுவனமே செய்ததா, வெளியிலிருந்து வாங்கியதா என்று கேளுங்கள். வாங்கியதாக இருந்தாலும் தாழ்வில்லை, ஆனால் கேட்கும் விலை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழுது நீக்கும் வசதியைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காமல் விசாரியுங்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாகப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டியிருக்கும். பரவலாக விற்கும் கடிகாரத்துக்குப் பழுது பார்ப்பவர் எளிதில் கிடைப்பார், அரிதாக விற்பது பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கே பயணப்பட்டு மாதக்கணக்கில் அங்கே தங்க நேரும். அந்தச் செலவையும் காத்திருப்பையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.